ஒரு நாளில் டஸ்கனி: கணக்கு எங்கே தவறுகிறது?

ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் டஸ்கனிச் சுற்றுலாப் பேருந்துகளின் நிரல் ஏறக்குறைய ஒரே அச்சு. சியன்னாவில் இரண்டு மூன்று மணி நேரம். கியாந்திக் குன்றுகளில் ஏதாவது ஒரு 'குடும்ப ஒயின் பண்ணை'யில் மதியச் சாப்பாடு, கூடவே மூன்று நான்கு வகை ஒயின். அப்புறம் சான் ஜிமிஞானோவின் கற்கோபுரங்களுக்கு ஒரு மணி நேரம். சில நிறுவனங்கள் துணிந்து பீசா சாய்ந்த கோபுரத்தையும் கடைசியில் சேர்த்துவிடுகின்றன. இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி ஃபிளாரன்ஸ். இந்த ஓட்டத்தைக் கேலி செய்வது எளிது, செய்கிறவர்களும் நிறைய. என் குறை வேறு. ஒரே நாள் என்பதில் குற்றமில்லை. அந்த ஒரு நாளைப் பங்கு போடும் கணக்கில்தான் கோளாறு. மலையூர்களைக் காட்சியாகவும், பண்ணையைச் சாப்பாட்டுக்கான இடைவேளையாகவும் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்களை நிற்கவைத்த பிழைப்பும், இன்று அந்தக் குன்றுகளில் உயிரோடிருக்கும் தொழிலும் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. ஊர் ஒன்று, பண்ணை ஒன்று, நேரம் சரிபாதி என்று நிரலை மாற்றினால் பயணிக்கும் லாபம், குன்றுக்கும் லாபம்.

முதலில் கோபுரங்களை எடுத்துக்கொள்வோம். சான் ஜிமிஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று எஞ்சியிருப்பவை 14. ரோமுக்குப் போகும் யாத்ரிகர்களின் பிரான்சிஜெனா பாதை ஊருக்குள்ளேயே ஓடியது. வழிப்போக்கர்களின் வரவும், சுற்றுவட்டார வயலில் விளைந்த குங்குமப்பூவும், மது வணிகமும் சேர்ந்து சிறு ஊரில் பெரும் பணக்காரர்களை உண்டாக்கின. ஊராட்சி தன் கடனின் ஒரு பகுதியைக் குங்குமப்பூவாகவே செலுத்திய காலமும் உண்டு. பணம் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கட்டியவைதான் அந்தக் கோபுரங்கள். அருகில் போய் அண்ணாந்து பார்த்தால் சுவர் நெடுகச் சதுரத் துளைகள் தெரியும். கட்டும்போது சாரம் நிறுத்திய துளைகள் அவை. பிற்பாடு மரத்தாலான மாடங்களையும் பக்கத்து வீட்டுக்குப் போகும் நடைபாலங்களையும் அவற்றில் செருகிக்கொண்டார்கள். மரம் போய்விட்டது, துளை நிற்கிறது.

சரி, ஃபிளாரன்ஸிலும் இப்படிக் கோபுரங்கள் நூற்றுக்கு மேல் இருந்தனவே, அவை எங்கே போயின? 1250இல் அமைந்த மக்களாட்சி தனியார் கோபுரங்களின் உயரத்துக்கு வரம்பு விதித்து, மிஞ்சியதை இடிக்கச் சொன்னது. பின்னர் வந்த வங்கிப் பணம் மீதியைத் தள்ளிவிட்டு மாளிகைகளைக் கட்டியது. சான் ஜிமிஞானோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழிந்து ஊர் ஃபிளாரன்ஸிடம் சரணடைந்தது. பாதையும் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டது. இடிக்கவும் காசில்லை, புதிதாகக் கட்டவும் காசில்லை. 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்த வானவரைவு, சுருக்கமாகச் சொன்னால், அறுநூறு ஆண்டு வறுமை பத்திரப்படுத்திக் கொடுத்த சொத்து. வழிப்போக்கரும் வயலும் இருந்தவரை ஊர் வளர்ந்தது, இரண்டும் விலகியதும் உறைந்தது.

இன்று வழிப்போக்கர்கள் வெள்ளமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். ஊராட்சி எல்லை முழுவதையும் சேர்த்தாலே மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடாது. மதிலுக்குள் இருக்கும் பிரதான தெருவிலோ ஐஸ்கிரீமும், தோல் பைகளும், சித்திரவதைக் கருவிகளின் அருங்காட்சியகமும்தான் கண்ணில் படும். ஒரு மணி நேரத்தில் வாங்கக்கூடியதைத்தானே கடைக்காரர் விற்பார்? இத்தாலியின் வரி முறையும் இந்தக் கோணலுக்கு உதவுகிறது. 2011 முதல் ஊராட்சிகள் தங்கல் வரி விதிக்கலாம். அது இரவு தங்குகிறவரிடம், விடுதிக் கணக்கில் வசூலாவது. ஊரில் படுத்து எழுந்து, சாப்பிட்டு, காலையில் ரொட்டி வாங்குகிறவர் வரி கட்டுகிறார். கழிப்பறையையும் நிழலையும் பயன்படுத்திவிட்டுப் பேருந்து ஏறுகிறவருக்கு அந்த வரி இல்லை. இதை உணர்ந்த சில இடங்கள் மாற்று வழி தேடியிருக்கின்றன. லாட்சியோ மாநிலத்தில், அரித்துக்கொண்டே போகும் பாறைமேல் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே குடியிருக்கும் சிவித்தா தி பாஞோரேஜோ 2013 முதல் நடைபாலத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. கட்டணத்தால் கூட்டம் குறையுமா என்பது வேறு கேள்வி. யார் செலவு வைக்கிறார்கள் என்பதையாவது அது சரியாகக் கண்டுகொண்டது.

மதிலை விட்டு இறங்கினால் கதை வேறு. கியாந்தியின் எல்லையை 1716இலேயே டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ ஓர் அரசாணையால் வகுத்தார். எந்த மண்ணில் விளைந்ததற்கு இந்தப் பெயர் பொருந்தும் என்று அரசு வரையறுத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அந்த மண்ணை உழுதவர்களின் நிலை நமக்கு எளிதில் விளங்கும். தஞ்சைப் பண்ணைகளின் மேல்வாரம், குடிவாரம் போன்ற ஏற்பாடுதான்: நிலமும் வீடும் சீமானுடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த இந்த வாரமுறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆட்டம் கண்டது. இளைஞர்கள் போஜ்ஜிபோன்ஸி தொழிற்சாலைகளுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இறங்கிப் போனார்கள். 1964இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. மிச்சமிருந்தவற்றைப் பணக் குத்தகையாக மாற்ற 1982 சட்டம் வழி செய்தது. கூரை சரிந்த கல்வீடுகளை ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் சல்லிசாக வாங்கியது அந்த இடைக்காலத்தில்தான்.

பயணிகள் 'காலங்காலமாக மாறாத நிலக்காட்சி' என்று படம் எடுக்கும் நேர்வரிசைத் திராட்சைத் தோட்டங்களும் பெரும்பாலும் அந்த இடைவெளியில் பிறந்தவை. வாரக்காரன் காலத்தில் கோதுமைக்கும் ஒலிவ மரத்துக்கும் நடுவே, மேப்பிள் மரங்களில் படரவிட்ட கொடியாகத்தான் திராட்சை இருந்தது. டிராக்டர் நுழையும் அகலத்தில் வரிசை வரிசையாக நடத் தொடங்கியது 1960களுக்குப் பிறகு. ஒலிவ மரங்களும் அப்படியே. 1985 ஜனவரியில் விழுந்த உறைபனியில் டஸ்கனியின் ஒலிவத் தோப்புகள் பெரும்பகுதி கருகின. வெட்டிவிட்டு வேரடியிலிருந்து துளிர்க்கவிட்டார்கள். ஒரே தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பியிருக்கும் மரத்தைக் கண்டால் காரணம் அந்தக் குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். மதிலுக்குள் இருப்பது உறைந்ததால் தப்பியது என்றால், வெளியே இருப்பது ஐம்பது அறுபது ஆண்டுகளில் தன்னை இரண்டு முறை மாற்றிக்கொண்டு தப்பியது. இரண்டில் எது பார்க்கத் தகுந்தது என்று கேட்டால், இரண்டாவதுக்கு வாக்களிப்பேன்.

ஆனால் அதைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதாது, அதில் முக்கால்வாசி சாப்பாட்டு மேசையில் கழிந்தால் இன்னும் போதாது. ஓர் உதாரணம். சாப்பாட்டின் முடிவில் பாதாம் பிஸ்கோத்துடன் சின்னக் கோப்பையில் 'வின் சாந்தோ' என்ற இனிப்பு ஒயின் வரும். பயணி தொட்டு நனைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறை வரிசையில் போய் நிற்பார். அது எங்கே உருவானது என்று பார்க்கப் பரணுக்கு ஏற வேண்டும். திரெபியானோ, மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சைகளைக் குலைகுலையாக நாணல் பாய்களில் பரப்பியோ உத்தரத்தில் தொங்கவிட்டோ பல வாரம் வாட்டுகிறார்கள். சுருங்கிய பழத்தைப் பிழிந்து சிறிய மரப்பீப்பாய்களில் ஊற்றுகிறார்கள். பீப்பாயின் அடியில் முந்தைய ஒயினின் கெட்டி வண்டல் கொஞ்சம் விட்டுவைத்திருக்கும் பண்ணைகள் உண்டு. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, பழைய சரக்கு புதியதற்கு வழிகாட்டுகிறது. பிறகு அடைத்து முத்திரையிட்டு, குறைந்தது மூன்று ஆண்டு தொடுவதில்லை. குளிர்ந்த நிலவறை இதற்கு ஆகாது. கோடை வெக்கையும் குளிர்கால நடுக்கமும் பீப்பாயைத் தாக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டுக் கூரைக்கு அடியில் வைக்கிறார்கள். திறக்கும்போது எவ்வளவு வற்றியிருக்கும், எது புளித்துப் போயிருக்கும் என்பது திறந்த பின்தான் தெரியும். விளக்க அரைமணி ஆகும் இந்த வேலை, இப்போதைய நிரலில் ஒரு பிஸ்கோத்துக்குத் துணையாகச் சுருங்கிவிடுகிறது.

பணத்தின் பக்கமும் இதையே சொல்கிறது. கியாந்தி கிளாசிகோ விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. அளவை ஏற்றிச் சம்பாதிக்கும் வழி சிறு பண்ணைக்கு அடைபட்டிருக்கிறது. விலையில் தன் பங்கை ஏற்றுவது ஒன்றே வழி. இடைத்தரகர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என்று நாலு கை மாறும் பாட்டிலைவிட, வாசலில் விற்கும் பாட்டிலில் கிடைப்பது பல மடங்கு. கியாந்தி கிளாசிகோவின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் ஐரோப்பியப் பொருள்களுக்கு அங்கே 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. இந்த நிலையில் வாசலுக்கே வந்து நிற்கும் வாடிக்கையாளர் பண்ணைக்குப் பெரிய விஷயம். அவரைச் சாப்பாட்டுக்கு மட்டும் இறக்கிவிட்டு, வாங்க நேரம் கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு போவதால் யாருக்கு லாபம்? பேருந்து நிறுவனத்துக்கு மட்டும்.

ஊரும் வயலும் ஒன்று என்பது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சியன்னாவின் அரண்மனைச் சுவரிலேயே அது எழுதியிருக்கிறது. நகரை ஆண்ட ஒன்பதின்மர் குழு தன் சபை அறைக்காக அம்ப்ரோஜியோ லோரென்சேத்தியைக் கொண்டு 1338-39இல் வரைய வைத்த சுவரோவியம் உலகப் புகழ் பெற்றது. நல்லாட்சியின் விளைவைக் காட்டும் நீண்ட சுவரில் ஒரு பாதி நகரம்: கட்டட வேலை, கடைகள், ஆடல். நடுவே மதில். மறுபாதி முழுக்க வயல்கள், கதிரடிப்பு, கொடிக்கால்கள், பொதி சுமந்து வரும் கழுதைகள். வாசல் திறந்தே கிடக்கிறது. சீமான்கள் குதிரையில் வெளியே போகிறார்கள். இடுப்பில் வெள்ளைப் பட்டை கொண்ட சியன்னாப் பன்றி ஒன்றை உழவர் உள்ளே ஓட்டி வருகிறார். எதிர்ச் சுவரில் கொடுங்கோலாட்சி: அங்கே முதலில் பாழானது வயல்தான். நகர மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் கண்முன் வைத்துக்கொள்ள விரும்பிய படத்தில் நாட்டுப்புறத்துக்குச் சரிபாதி கொடுத்திருக்கிறார்கள். நம் பேருந்து நிரல் அவ்வளவுகூடக் கொடுப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், கம்போ சதுக்கத்தில் அந்தக் கட்டடத்தின் முன்னாலேயே நின்று படமெடுத்துக்கொள்கிற கூட்டத்தில் பெரும்பாலோருக்கு மாடியேறிப் பார்க்க நேரமிருப்பதில்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது: குடும்பப் பண்ணை என்பதே ஒரு நாடகம். உண்மைதான், பாதி உண்மை. ரிகாசோலி குடும்பம் 1141 முதல் ப்ரோலியோ கோட்டையில் இருக்கிறது. அந்தினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. இவையும் குடும்பங்கள்தான், ஆனால் பெரும் வணிக நிறுவனங்கள். தாத்தா வாரக்குடியாக உழுத நிலத்தைப் பிற்பாடு வாங்கிப் பயிரிடும் சிறு குடும்பமும் அதே பெயரில் வரும். பாட்டி பாத்திரத்தைக் கிண்டுவது பேருந்து வரும் நேரத்துக்கு மட்டும்தான் என்ற பண்ணைகளும் இருக்கும். ஆனால் மதிலுக்குள் விற்கும் 'பாரம்பரிய' மரக் குறுவில்லைச் சோதிக்க வழியில்லை, பாட்டிலைச் சோதிக்கலாம். விளைந்த இடத்திலேயே அடைக்கப்பட்டது என்ற வாசகத்தை நினைத்தவரெல்லாம் அச்சடிக்க முடியாது, அதற்குச் சட்ட நிபந்தனை இருக்கிறது. உச்சத் தர வகையான டி.ஓ.சி.ஜி. ஒயினின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைப் பட்டை ஒட்டியிருக்கும். நாடகம் இருக்கலாம், ஆனாலும் சரக்குக்குக் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது வாதத்தைப் பலரும் முதலாவதாகச் சொல்வார்கள்: பகல் பயணத்தையே விட்டுவிட்டு இரவு தங்கச் சொல்லலாமே? சொல்வது எளிது. ஐரோப்பாவுக்கு எட்டு நாளில் போய்வரச் சேமித்த குடும்பத்திடம் டஸ்கனியில் நான்கு இரவு தங்கு என்பது வசதியானவர்களின் அறிவுரை. அதோடு, தங்கல் எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை. பழைய நகரங்களில் வீடுகள் ஒவ்வொன்றாகக் குறுகிய கால வாடகைக்கு மாறி, குடியிருப்பவர்களுக்கு வீடு கிடைக்காமல் போனதால்தான் ஃபிளாரன்ஸ் 2023இல் வரலாற்று மையத்தில் புதிய சுற்றுலா வாடகை வீடுகளுக்குத் தடை போட்டது. இந்த இடத்தில் பண்ணைத் தங்கலுக்கான இத்தாலியச் சட்டம் கவனிக்கத் தக்கது. 1985இல் முதலில் வந்து, 2006இல் புதுப்பிக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் மூல நிபந்தனை ஒன்றே: விருந்தோம்பலைவிட விவசாயம் முதன்மையாக இருக்க வேண்டும். அறை வாடகை வயல் வேலையை விழுங்கிவிட்டால் உரிமம் நிற்காது. மதிலுக்குள் இருக்கும் வீட்டுக்கு இப்படியொரு கடிவாளம் கிடையாது. ஆகவே இரவு தங்க முடிந்தவர் மதிலுக்கு வெளியே தங்கட்டும். முடியாதவரின் ஒரு பகலில் பாதியாவது அங்கே போகட்டும்.

மூன்றாவது, பண்ணையை இப்படிப் புகழ்கிறவர் அறுவடைக் கூலிகளை மறந்துவிட்டார் என்பது. மறக்கவில்லை. கியாந்தியின் திராட்சையைப் பறிப்பவர்களில் பெரும் பங்கினர் இன்று புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். இடையில் தரகர் புகுந்து கூலியைத் தின்பது இத்தாலிய விவசாயத்தின் பழைய நோய். அதைக் குற்றமாக்கி, தெரிந்தே அந்த ஆட்களை வேலைக்கு வைக்கும் முதலாளியையும் பொறுப்பாக்கி 2016இல் கடுமையான சட்டம் வந்த பின்னும் தீர்ந்தபாடில்லை. 'குடும்பப் பண்ணை' என்ற பலகை அந்தக் கைகளை மறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் பரிகாரம் பண்ணையில் குறைவான நேரம் செலவிடுவதாக இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போகிறவருக்குத்தான் யார் பறிக்கிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

கடைசியாக, தமிழ் வாசகர் தரப்பிலிருந்து வரும் முணுமுணுப்பு. குடிக்காதவருக்கு ஒயின் பண்ணையில் என்ன வேலை? சில்லறை விற்பனையும் 2003 முதல் டாஸ்மாக் கைக்குப் போய்விட்ட மாநிலத்தில், மது என்றதும் நினைவுக்கு வருவது கம்பி வலைக்குப் பின்னால் நீட்டப்படும் குவார்ட்டர் பாட்டில்தான்; அதற்கும் ஒரு வயலுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தத் தொடர்பைக் கண்ணால் பார்ப்பதற்குக் குடித்தாக வேண்டியதில்லை. கியாந்திப் பண்ணைகளில் பலவற்றில் ஒலிவ எண்ணெயும் இருக்கும், சிலவற்றில் பன்றியும் தேனும். சான் ஜிமிஞானோவின் சரிவுகளில் குங்குமப்பூ இப்போதும் விளைந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்போடு விற்பனையாகிறது. சுவைக்கும் மேசையில் துப்புவதற்கென்று ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். தொழில்முறைச் சுவைஞர்களே அதில்தான் துப்புகிறார்கள். கோப்பையைத் தொடாமல் கேள்வி மட்டும் கேட்கிறவரை விளைவிக்கிறவர் மதிக்கத்தான் செய்வார்.

நிரலை மாற்றுவதில் செலவு கூடப் போவதில்லை, டீசல் மிச்சமாகும். சியன்னாவைத் தேர்ந்தால் காலையில் சுவரோவியத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் கியாந்திப் பண்ணை ஒன்றில் மூன்று மணி நேரம். சான் ஜிமிஞானோவைத் தேர்ந்தால் கூட்டம் ஏறுமுன் காலையிலேயே கோபுரங்களைப் பார்த்துவிட்டு, மதிலுக்குக் கீழே வெர்னாச்சா விளையும் தோட்டங்களுக்கு இறங்கலாம். 1966இல் இத்தாலியின் முதல் டி.ஓ.சி. தரச் சான்று பெற்ற வெள்ளை ஒயின் அது. ஊராட்சிகள் தம் பங்குக்குச் சுற்றுலாப் பேருந்திடம் வாங்கும் கட்டணத்தை, அந்தப் பேருந்து ஊரில் நிற்கும் நேரம் குறையக் குறையக் கூடும்படி வைக்கலாம். மூன்று ஊரைத் தொட்டுவிட்டு ஓடும் நிரல் தானாகவே விலை ஏறிவிடும். பீசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான், நாள் முழுவதும் வண்டி இருக்கிறது.